இலை, தூக்கு, டின்: வகைப்பாட்டுக் கட்டுரை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி வகுப்பு எடுத்தே எனக்குத் தலை நரைத்தது. வகைப்பாட்டுக் கட்டுரை எழுதச் சொல்லும் வாரம் வந்தால் என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். வந்து சேரும் தாள்களில் பாதி ‘மாணவர்கள் மூன்று வகைப்படுவர்’ என்று தொடங்கும். நன்றாகப் படிப்பவர், சுமாராகப் படிப்பவர், படிக்கவே படிக்காதவர். பத்தாவது தாளைத் திருத்தும்போது ஆசிரியர்களிலும் ஒரு புது வகை உருவாகிவிடும்: சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்.

இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ‘ஒரு பொருளை வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகையையும் ஒரு பத்தியில் விளக்குக’ என்று வகுப்பில் சொல்லிவிட்டு நாங்களும் நகர்ந்துவிடுகிறோம். எதை வைத்துப் பிரிப்பது, ஏன் அப்படிப் பிரிக்க வேண்டும் என்ற இடத்தில் நிற்பதே இல்லை. கட்டுரை இருப்பதோ அந்த இடத்தில்தான். தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த வேலை மாறாது. வெளிநாட்டுக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதே பயிற்சியைத்தான் கொடுக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த ஒரு மாணவி எழுதிய கட்டுரையை உதாரணமாக வைத்துக்கொண்டு போகிறேன். அவள் செய்த தவறுகளும் இதில் உண்டு. நான் செய்த தவறு ஒன்றும் உண்டு.

கேட்டது என்ன என்று முதலில் பாருங்கள்

பிரித்து எழுதுவதில் இரண்டு விதம் இருக்கிறது. கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக்குள் நுழைகிறீர்கள். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நடந்துகொண்டே போனால் பின்தெருவில் வெளியே வந்துவிடலாம். அந்த ஒரு வீட்டை இப்படிக் கட்டுக் கட்டாக விவரித்தால் அது பகுப்பு. ஒரே பொருளை அதன் உறுப்புகளாகப் பிரிக்கிறீர்கள். அதே தெருவில் இருக்கும் வீடுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, ஆள் குடியிருக்கும் வீடு, விசேஷத்துக்கு மட்டும் திறக்கும் வீடு, ஹோட்டலாக மாறிவிட்ட வீடு, பங்காளிகளுக்குள் முடிவாகாமல் பூட்டிக் கிடக்கும் வீடு என்று சேர்த்தால் அது வகைப்பாடு. பல பொருள்களை ஒரு கேள்வியின் கீழ் கூட்டங்களாக்குகிறீர்கள்.

வினாத்தாளில் ‘வகைகள்’ என்று இருந்தால் இரண்டாவதைச் செய்ய வேண்டும். முதலாவதை எவ்வளவு அழகாகச் செய்தாலும் கேட்டதற்குப் பதில் ஆகாது.

தலைப்பு: நடந்து போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கட்டும்

‘இசை வகைகள்’, ‘நண்பர்களின் வகைகள்’, ‘ஊடகங்களின் வகைகள்’ என்பவை எல்லாம் ஏற்கெனவே யாரோ வகுத்து வைத்தவை. நீங்கள் அதை மறுபடி நகல் எடுக்கப்போகிறீர்கள், அவ்வளவுதான். உங்களுக்கு நேரடியாகப் பழக்கமான, இருபது முப்பது உருப்படிகளாவது தேறக்கூடிய ஒன்றை எடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே விற்கும் சாமான்களை மரம், பித்தளை, எனாமல் என்று பிரித்தால் அது கடைக்காரரின் இருப்புப் பட்டியல். வீட்டை இடித்ததால் வந்தவை, பாகம் பிரித்ததால் வந்தவை, வைத்திருக்க இடமில்லாமல் வந்தவை என்று பிரித்துப் பாருங்கள். ஒரு வட்டாரமே கண்முன் வந்து நிற்கும்.

மனிதர்களை வகைப்படுத்துவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆளைப் பிரிக்காதீர்கள், நடத்தையைப் பிரியுங்கள். ‘கருமிகள்’ என்று ஒரு கூட்டத்துக்குப் பெயர் வைத்தால் அது வசை. கணக்குப் பார்க்கும் விதங்கள் என்று எழுதினால் அது கவனிப்பு.

நம் மாணவி ‘செட்டிநாட்டு உணவு’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். அது ஒரு புத்தகத்துக்கான தலைப்பு. குறைக்கச் சொன்னேன். ‘செட்டிநாட்டுப் பலகாரங்கள்’ என்றாள். அது போதும் என்று விட்டுவிட்டேன்.

பிரிப்பதற்கு முன் சேர்க்க வேண்டும்

எல்லோரும் தலைகீழாகச் செய்வது இந்தக் கட்டத்தைத்தான். மூன்று வகைகளை மனத்தில் முடிவு செய்துவிட்டு, அவற்றுக்கு ஏற்ற உதாரணங்களைத் தேடிப் போகிறார்கள். அப்படிச் செய்தால் ஒத்துவராத உருப்படி உங்கள் கண்ணில் படவே படாது. முதலில் உருப்படிகள், பிறகுதான் வகைகள்.

தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் தாளுக்கு ஒரு பலகாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். இருபத்து மூன்று தாள்கள் கொண்டுவந்தாள். வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம், குழிப்பணியாரம், கந்தரப்பம், மசாலா சீயம், இனிப்புச் சீயம், கவுனி அரிசி, கும்மாயம், உக்காரை, அதிரசம், மனகோலம், தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச் சீடை, மாவுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை என்று பட்டியல் நீண்டது. ஆசிரியர் அறை மேசையில் பரப்பினோம். மேலே மின்விசிறி ஓடியதில் அதிரசம் பறந்து பீரோவுக்கு அடியில் போய்விட்டது. விசிறியை நிறுத்திவிட்டு, காரைக்குடி வெயிலில் வியர்க்க வியர்க்க அந்தத் தாள்களை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தோம்.

நீங்களும் கையால் செய்யுங்கள். கணினியில் பட்டியலாக அடித்தால் வரிசை உறைந்துவிடும். துண்டுத் தாள் என்றால் ஓர் உருப்படியை எடுத்து இன்னொரு குவியலில் போட யோசிக்க மாட்டீர்கள்.

அளவுகோல்: கட்டுரையின் உயிர்

பிரிக்கும்போது நீங்கள் கேட்கும் கேள்வியை அளவுகோல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரைக்கு ஒரே அளவுகோல்தான். ‘பலகாரங்கள் மூன்று வகை: இனிப்பானவை, எண்ணெயில் பொரித்தவை, தீபாவளிக்குச் செய்பவை’ என்று எழுதினால் அங்கே மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அதிரசம் மூன்று குவியலிலும் உட்கார்ந்து சிரிக்கும்.

ஒழுங்கான அளவுகோலுக்கு இந்த ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார் ஒருவரிடம் ‘எந்தக் கோயில்?’ என்று கேளுங்கள். இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பதில் ஒன்றைச் சொல்வார். ஒரே நேரத்தில் இரண்டு கோயிலைச் சேர்ந்தவர் கிடையாது, ஒன்பதுக்கும் வெளியே நிற்பவர் கிடையாது. இளையாற்றங்குடி போன்ற சில கோயில்களுக்கு உட்பிரிவுகளும் உண்டு. கேள்வி ஒன்று, பதில் ஒன்று, விடுபடுபவர் எவரும் இல்லை. இதையெல்லாம்விட முக்கியமாக, அந்தப் பிரிப்புக்கு ஒரு வேலை இருக்கிறது: கல்யாணப் பேச்சு எடுக்கும்போது யார் பங்காளி முறை என்று அது சொல்லிவிடுகிறது. இந்த ஒன்பதையே கட்டுரைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு வந்த மாணவர்களும் உண்டு. திருப்பி அனுப்பிவிடுவேன். முன்னோர் பிரித்து முடித்ததில் உங்களுக்குச் செய்ய என்ன மிச்சம்?

இனி மேசைக்கு வருவோம். மாணவி முதலில் எடுத்த அளவுகோல் சுவை. இனிப்பு ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம். வெள்ளைப் பணியாரத்தாள் அந்தரத்தில் நின்றது. அது இனிப்பும் இல்லை, காரமும் இல்லை. காரம் எல்லாம் தொட்டுக்கொள்ளும் சட்னியில்தான். தேன்குழலும் அதே கதை. அதோடு, இரண்டே குவியல் என்றால் அது ஒப்பீட்டுக் கட்டுரையாகிவிடும்.

அடுத்து, எதில் செய்கிறார்கள் என்பது. அரிசி, உளுந்து, பயறு. கந்தரப்பத்தில் அரிசியும் பருப்பும் சேர்ந்தே அரைபடுகின்றன. பாதிக்கு மேல் கலப்புதான். குவியல்கள் ஒன்றுக்குள் ஒன்று சரிந்துவிட்டன.

அடுத்து, எப்போது செய்கிறார்கள். இங்கே அதிரசத்தாள் ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் இருக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது நான் சொன்னது: எப்படி வேகிறது. எண்ணெயில் பொரிப்பவை, குழியில் சுடுபவை, ஆவியில் வேகவைப்பவை, கிண்டி இறக்குபவை. ஏறக்குறைய எல்லாத் தாள்களும் அழகாக அதனதன் இடத்தில் விழுந்தன. எனக்கு மகிழ்ச்சி. ‘இதையே எழுது’ என்றேன். எழுதிக்கொண்டு வந்தாள். படித்தால் சமையல் குறிப்புப் புத்தகத்தின் பொருளடக்கம் போல் இருந்தது. தவறு எதுவும் இல்லை, சொல்வதற்கும் எதுவும் இல்லை. நான் செய்த தவறு அதுதான்: குவியல்கள் சுத்தமாக விழுந்ததைப் பார்த்து, அளவுகோல் சரி என்று நம்பிவிட்டேன்.

ஆகவே ஓர் அளவுகோலுக்கு மூன்று சோதனைகள் வையுங்கள். எந்த உருப்படியும் இரண்டு குவியலுக்கு உரிமை கொண்டாடாமல் இருக்கிறதா? எந்த உருப்படியாவது வெளியே நிற்கிறதா? இந்த இரண்டிலும் தேறிய பிறகு மூன்றாவது: ‘சரி, அதனால் என்ன?’ இப்படிப் பிரித்ததால், பிரிக்காமல் இருந்தால் தெரிந்திருக்காத ஏதாவது ஒன்று தெரிகிறதா? முதல் இரண்டில் தேறினால் தாளில் தவறு இருக்காது. மூன்றாவதில் தேறினால்தான் அதை ஒருவர் விரும்பிப் படிப்பார்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த நூல்களும் அச்சுத் துண்டுகளும் அவர் 1992-இல் மறைந்த பிறகு சென்னைக்குப் போய் ஓர் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை நினைத்துப் பாருங்கள். அச்சுக்கலை வரலாற்றைத் தேடி வருபவர் கையில் அது ஒன்று. குடும்ப வரலாறு தேடுபவர் கையில் வேறு. தமிழ் உரைநடை பார்ப்பவர் கையில் இன்னொன்று. தாள் ஒன்றுதான், கேள்விதான் அதை வெவ்வேறு அடுக்கில் வைக்கிறது. நீங்கள் எந்தக் கேள்வியோடு வருகிறீர்கள் என்று முடிவு செய்வதே பாதிக் கட்டுரை.

மாணவி இரண்டு நாள் கழித்து வந்தாள். ‘சார், எங்கள் அப்பத்தா சாமான் அறையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். சீப்புச் சீடை டின்னை வேறு எதற்கும் எடுக்க விடமாட்டார்கள். கந்தரப்பம் சுட்டால் தூக்குச்சட்டியில் போட்டு அத்தை வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளைப் பணியாரம் மட்டும், இலை போட்ட பிறகுதான் சட்டியையே அடுப்பில் வைப்பார்கள்’ என்றாள்.

எத்தனை நாள் தாங்கும்? அதுதான் அளவுகோல். தாள்களை மறுபடி பரப்பினோம். இந்தத் தடவை குவியல்கள் விழுந்ததோடு நிற்கவில்லை, பேசவும் செய்தன. அன்றே தீர வேண்டியவை எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு. ஓரிரு நாள் தாங்குபவை பக்கத்து ஊர் உறவுக்கு. வாரக்கணக்கில் தாங்குபவை விடுதியில் படிக்கும் பிள்ளைக்கு. ஒரு காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போனவர்களுக்கு.

மையக் கூற்றை மூன்று முறை எழுதுங்கள்

கட்டுரை முழுவதையும் தாங்கும் ஒற்றை வாக்கியம் மையக் கூற்று. அதில் பொருள், அளவுகோல், வகைகள், அதனால் தெரியவருவது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். மாணவி எழுதியவை இவை:

‘செட்டிநாட்டுப் பலகாரங்கள் மூன்று வகைப்படும்.’ இதில் பொருளும் எண்ணிக்கையும் மட்டுமே உண்டு.

‘செட்டிநாட்டுப் பலகாரங்களை அவை தாங்கும் காலத்தை வைத்து மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.’ அளவுகோல் வந்துவிட்டது. ஆனால் ‘அதனால் என்ன?’ இன்னும் வாசலில் நிற்கிறது.

‘செட்டிநாட்டுப் பலகாரங்கள், தாங்கும் காலத்தைப் பார்த்தால், இலைக்கு உரியவை, தூக்குக்கு உரியவை, டின்னுக்கு உரியவை என மூன்றாகின்றன, தின்பவர் அடுப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை வைத்தே இவை உருவாயின.’

மூன்றாவதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனாலும் ‘உருவாயின’ என்ற சொல்லை அடித்தேன். கந்தரப்பம் எப்படி உருவாயிற்று என்பதற்கு அவளிடம் ஆதாரம் கிடையாது. ‘எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை ஒவ்வொரு வகையும் காட்டுகிறது’ என்று மாற்றினாள். நிரூபிக்க முடிந்த அளவுக்குத்தான் வாக்கியம் நீள வேண்டும்.

வகைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. ‘உடனே தின்பவை, பயணப் பலகாரம், கெடாதது’ என்று வைத்திருந்தால் பொருள் அதேதான், ஆனால் படிப்பவர் ஒவ்வொரு பெயரிலும் தடுக்கி விழுவார். பெயரில் ஒரு பாத்திரம் தெரிவதால் நினைவிலும் நிற்கிறது.

மூன்று அல்லது நான்கு வகைகள் போதும். ஐந்தைத் தாண்டினால் பட்டியலாகிவிடும். அப்போது இரண்டை ஒன்றாக்க முடியுமா என்று பாருங்கள்.

வரிசை

நினைவுக்கு வந்த வரிசையில் எழுத வேண்டாம். காலம், தூரம், விலை, கடினம் என்று ஏதாவது ஒரு போக்கில் ஏறட்டும். இங்கே இலை, தூக்கு, டின் என்பதே இயல்பான ஏற்றம்.

பத்தி எழுதுவது

ஒவ்வொரு வகைக்கும் ஒரு பத்தி, தேவையானால் இரண்டு. பத்திக்குள் வர வேண்டியவை: இந்த வகையை அளவுகோலோடு கட்டும் முதல் வரி, நெருக்கத்தில் காட்டும் ஓர் உதாரணம், போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகும் இன்னொன்றிரண்டு, பிறகு மையக் கூற்றுக்குத் திரும்பும் ஒரு கயிறு. ஐந்து உதாரணங்களை ஒவ்வொரு வரியில் சொல்வதைவிட, ஒன்றை ஐந்து வரியில் காட்டுவது மேல்.

மாணவியின் முதல் வரைவில் டின் பத்தி இப்படி இருந்தது:

‘மூன்றாவது வகை நீண்ட நாள் தாங்குபவை. இவற்றில் தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, முறுக்கு போன்றவை அடங்கும். இவை மிகவும் சுவையானவை. இவற்றை அனைவரும் விரும்பி உண்பர். இவை நமது பாரம்பரியத்தின் அடையாளம் ஆகும்.’

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் இதை எழுதப் பள்ளத்தூரில் பிறந்திருக்க வேண்டியதில்லை. ‘சீடை ஏன் கெடுவதில்லை?’ என்று கேட்டேன். தெரியவில்லை. அந்த வார விடுமுறையில் அப்பத்தாவோடு உட்கார்ந்து சுட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டாம் வரைவு:

‘டின்னில் அடைக்கும் பலகாரத்துக்கு ஈரம்தான் எதிரி. சீப்புச் சீடைக்கு அரிசி மாவையும் உளுத்த மாவையும் தேங்காய்ப் பாலில் பிசைந்து, வரி வரியாக விழும் அச்சில் பட்டையாகப் பிழிகிறார்கள். அதை விரல் நீளத்துக்கு நறுக்கி, விரலிலேயே சுற்றி, இரண்டு ஓரங்களையும் அழுத்தி ஒட்டி எண்ணெயில் போடுகிறார்கள். நடுவில் துளை இருப்பதால் எண்ணெய் உள்ளேயும் புகுந்து எல்லாப் பக்கமும் பொரிகிறது. சலசலப்பு முழுக்க அடங்கும் வரை அப்பத்தா சட்டியை விட்டு நகர்வதில்லை. “சத்தம் இருந்தால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்” என்கிறார். சூடு ஆறிய பிறகே டின்னில் போட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் மூடியில் வியர்த்து, பத்து நாளில் சிக்கு வாடை வந்துவிடும். தேன்குழலுக்கும் இதே காவல் உண்டு. அடுப்படியில் இவ்வளவு பொறுமை தேவைப்படுவது, தின்பவர் அடுப்படியில் இல்லாததால்தான்.’

முதல் வரைவில் ஐந்து வாக்கியங்கள், இரண்டாவதில் ஒரு சட்டி, ஒரு விரல், ஒரு சத்தம். கடைசி வரி மையக் கூற்றைத் தொட்டுவிட்டுப் பத்தியை முடிக்கிறது. ‘பாரம்பரியத்தின் அடையாளம்’ தானாகவே காணாமல் போயிற்று. அதை இறக்கிவிட்டாலே பாதிக் கட்டுரைகள் மூச்சுவிடும்.

ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்குப் போக ‘இரண்டாவது வகை’, ‘மூன்றாவது வகை’ என்று எண்ணிக்கொண்டு போவது சோம்பல். அளவுகோலையே பாலமாக்குங்கள். இலைப் பத்தியை ‘பால் பணியாரம் பொழுது சாயும்வரை பொறுக்காது’ என்று முடித்தால், அடுத்ததை ‘கந்தரப்பம் ஓர் இரவைத் தாண்டும்’ என்று தொடங்கலாம். வெல்லம் சேர்ந்து எண்ணெயில் வெந்தது என்பதால் பஸ் ஏறி அத்தை வீடு போய்ச் சேரும்வரை அதற்குத் தெம்பு இருக்கிறது. படிப்பவருக்கு வகை மாறியது எண்ணைச் சொல்லாமலேயே புரிந்துவிடும்.

எங்கும் அடங்காத உருப்படி

இது வராமல் இருக்காது. அதிரசம் தூக்கா, டின்னா? பாகு பதம் சரியாக அமைந்தால் வாரங்கள் தாங்கும். இளகிவிட்டால் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். மாணவி என்ன செய்தாள் தெரியுமா? அதிரசத்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டாள். ஓர் ஆசிரியர் முதலில் கேட்கப்போவது அதைப் பற்றித்தான்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாகப் பிரிக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு, சிதலும் எறும்பும் மூன்றறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, மக்கள் ஆறறிவு. அளவுகோல் ஒன்றே. இரண்டு உதாரணம் சொன்ன கையோடு ‘பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே’ என்று நூற்பா கதவைத் திறந்து வைக்கிறது: அந்த இனத்தில் இன்னும் உண்டு, நான் எல்லாவற்றையும் எண்ணி முடித்துவிட்டதாகச் சொல்லவில்லை. அகத்திணையிலோ ஒரு நிலத்துக்கு உரியது இன்னொன்றில் வந்து கலப்பதற்குத் திணை மயக்கம் என்றே பெயர் உண்டு. கலப்பை மறைக்கவில்லை, அதற்கு ஒரு சொல் கொடுத்து உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.

நீங்களும் அப்படியே செய்யலாம். ‘அதிரசம் தூக்குக்கும் டின்னுக்கும் இடையில் நிற்கிறது, எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பாகுதான் முடிவு செய்கிறது’ என்று ஒரு வரி. இதனால் அளவுகோல் உடையவில்லை, இன்னும் கூர்மையாயிற்று. ஆனால் இப்படி நடுவில் நிற்பவை ஒன்றிரண்டு என்றால்தான் இது செல்லும். ஐந்தாறு தாள்கள் நடுவில் நின்றால் மறுபடி மேசைக்குப் போக வேண்டியதுதான். ‘மற்றவை’ என்று ஒரு குவியல் வைப்பது மட்டும் கூடவே கூடாது. அது வகை அல்ல, குப்பைக்கூடை.

முன்னுரையும் முடிவுரையும்

இரண்டையும் கடைசியில் எழுதுங்கள். முன்னுரையை அகராதிப் பொருளோடு தொடங்க வேண்டாம். ‘பண்டைக் காலம் தொட்டே’ வேண்டாம். ஒரு காட்சி, அதிலிருந்து ஒரு கேள்வி, பிறகு மையக் கூற்று. ஏழெட்டு வரி போதும். மாணவி சாமான் அறையில் வரிசையாக நிற்கும் டின்களோடு தொடங்கினாள். அதில் ஒன்றைத் திறக்கத் தனக்கு அனுமதி இல்லாததோடு கேள்விக்கு வந்தாள்.

முடிவுரையில் மூன்று வகைகளையும் மறுபடி சொல்வது படிப்பவரின் நினைவாற்றலைக் குறைத்து எடைபோடுவதாகும். இந்த வகைப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றைப் பார்க்க முடியுமா என்று தேடுங்கள். இப்போது கடைகளில் எல்லாமே பிளாஸ்டிக் உறையில் அடைபடுகின்றன. டின்னுக்கு உரியவை மட்டும்தான் அந்த உறைக்குள் போக முடிகிறது. வெளியூர்க்காரருக்குச் செட்டிநாட்டுப் பலகாரம் என்றால் முறுக்கும் சீடையும் மட்டுமே தெரிந்திருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாமே என்று முடித்தாள். வகைப்பாடு கையில் இல்லாவிட்டால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

திருத்தம்

எழுதிய அன்றே கொடுக்க வேண்டாம். ஓர் இரவு கிடக்கட்டும். மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். என் மேசைக்கு மேல் நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களை எழுதி ஒட்டி வைத்திருந்தேன். பவணந்தி முனிவருக்கு முதலாண்டுத் தாள்களைப் பற்றி எப்படியோ தெரிந்திருக்கிறது.

இந்த வகைக் கட்டுரையை அதிகம் பிடிக்கும் நோய் சென்று தேய்ந்திறுதல். முதல் வகைக்கு ஒரு பக்கம், இரண்டாவதற்கு அரைப் பக்கம், மூன்றாவதற்கு நான்கு வரி, மணி அடித்துவிட்டது. பத்திகளின் நீளத்தைக் கண்ணால் அளந்து பாருங்கள். எல்லாம் ஒரே அளவு இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை; ஆனால் கடைசி வகை மெலிந்திருந்தால் உங்களிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்பது தெரிந்துவிடும். மற்றொன்று விரித்தல் அடுத்தது: பலகாரத்தைப் பற்றி எழுதப் புகுந்து, ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பற்றி ஒரு பத்தி எழுதுவது. நம் மாணவியும் எழுதியிருந்தாள், நன்றாகவும் எழுதியிருந்தாள், அதனால் அடிக்க மனமில்லாமல் அடித்தேன். மாறுகொளக் கூறல் என்பது நடுவழியில் அளவுகோல் மாறுவது. இலை, தூக்கு என்று போய்விட்டு மூன்றாவதாகத் ‘தீபாவளிப் பலகாரம்’ வந்து நின்றால் அதுதான். கூறியது கூறலுக்கு விளக்கம் தேவையில்லை.

இன்னும் ஒரு சோதனை எனக்குப் பிடிக்கும். தாளை மூடி வைத்துவிட்டு, கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் மூன்று வகைகளின் பெயரையும் சொல்லுங்கள். பிறகு நீங்கள் எழுதாத ஒரு பலகாரத்தின் பெயரைச் சொல்லி, எதில் சேரும் என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் அளவுகோல் தெளிவாக இருக்கிறது. மாணவி தன் தம்பியிடம் கும்மாயத்தைக் கேட்டிருக்கிறாள். ‘அது மிஞ்சினால்தானே தூக்குக்கு’ என்றானாம்.

தலைப்பு, கடைசியாக

முதல் வரைவின் மேல் ‘செட்டிநாட்டுப் பலகாரங்கள்: ஒரு கண்ணோட்டம்’ என்று இருந்தது. ‘ஒரு கண்ணோட்டம்’, ‘ஒரு பார்வை’, ‘ஓர் ஆய்வு’ என்று வால் முளைத்த தலைப்புகளை நான் தொடுவதில்லை என்று வகுப்புக்கே தெரியும். மாற்றச் சொல்ல மறந்துவிட்டேன். கொடுக்க வேண்டிய நாளில் தாள் வந்தபோது அந்த வரி அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல், கட்டுரையின் நீல மையில் இல்லாமல் கறுப்பு மையில், பள்ளத்தூர் பஸ்ஸின் ஆட்டம் ஒவ்வோர் எழுத்திலும் தெரிய, ‘அடுப்பிலிருந்து எவ்வளவு தூரம்?’ என்று எழுதியிருந்தாள்.